மனச்சிதைவு மருந்துகள்: எந்த விளைவு, எப்போது, யார் கவனிப்பது?

மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) மருந்து தொடங்கிப் பத்து நாள் ஆன ஒருவர் உட்கார முடியாமல் தவிக்கிறார். எழுகிறார், நாலடி நடக்கிறார், திரும்பி வந்து உட்காருகிறார், மறுபடி எழுகிறார். இரவில் படுத்தாலும் கால்கள் ஓயவில்லை. கேட்டால் "உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது" என்கிறார். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் முற்றிவிட்டதோ என்று பயம். "முன்னைவிடப் படபடப்பு அதிகமா இருக்கு டாக்டர்" என்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டினால் தவிப்பு இன்னும் ஏறும். ஏனென்றால் இந்த ஓயாமையை உண்டாக்கியது நோயல்ல, மருந்து. இதற்கு அகதீசியா என்று பெயர்.

மனச்சிதைவு மருந்துகளின் பக்க விளைவுகளை அறிய விரும்புகிறவர்களுக்குப் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்தால் தலைசுற்றலில் தொடங்கித் திடீர் மரணம் வரை எல்லாம் இருக்கும். அந்தத் தாள் சொல்லாதவை இரண்டு. ஒன்று, இந்த விளைவுகளில் பல நோயின் வேடத்திலேயே வருகின்றன. மற்றொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. சில மணிக்கணக்கில் வரும், சில வாரக்கணக்கில், சில, மருந்து எழுதிக்கொடுத்தவரே வேறு ஊருக்கு மாறிப்போன பிறகு, ஆண்டுகள் கழித்து. கண்காணிப்பு என்பது இந்தக் காலக்கணக்கைத் தெரிந்துகொண்டு, உரிய நேரத்தில் உரியதைத் தேடிப் பார்ப்பதுதான். "எப்படி இருக்கீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் "பரவாயில்ல" என்ற பதில்தான் வரும்.

மருந்து எங்கே போய் வேலை செய்கிறது

இந்த மருந்துகளின் வரலாறு 1952இல், பாரிஸின் சாந்த்-ஆன் மருத்துவமனையில் தொடங்குகிறது. ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குரல்கள் அடங்கின, சந்தேகங்கள் தணிந்தன. அதுவரை வாழ்நாளெல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் கழித்தவர்களில் பலர் வெளியே வர முடிந்தது. கூடவே வேறொன்றும் தெரிந்தது: உடல் விறைத்தது, கை நடுங்கியது, முகத்தில் உணர்ச்சி மறைந்தது. அக்காலத்து மருத்துவர்களில் சிலர், இந்த விறைப்பு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பொருள் என்றே நம்பினார்கள். நோயாளி நடுங்கும் வரை அளவை ஏற்றுவது முறையான சிகிச்சையாகக் கருதப்பட்டது. இன்று படிக்கும்போது கொடூரமாகத் தெரியும். ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பாதி உண்மை இருந்தது.

குளோர்ப்ரோமசினும் அதற்குப் பின் 1958இல் வந்த ஹாலோபெரிடாலும் மூளையில், நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களான டி2 ஏற்பிகளை அடைக்கின்றன. டோபமைன் ஒரே ஒரு பாதையில் ஓடுவதில்லை. உணர்ச்சியையும் முக்கியத்துவத்தையும் கையாளும் பாதை ஒன்று. அங்கே டோபமைன் மிகும்போதுதான் எதிரே நிற்பவரின் இருமல்கூட நமக்கான ரகசியச் செய்தியாகப் படுகிறது. உடலசைவைச் சீராக்கும் பாதை இன்னொன்று. பிட்யூட்டரிச் சுரப்பியில், பால் சுரக்கவைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோனை அடக்கிவைக்கும் பாதை வேறு. சிந்தனைக்கும் ஊக்கத்துக்கும் உதவும் முன்மூளைப் பாதை மற்றொன்று. மருந்து முதல் பாதையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. நான்கிலும் பரவுகிறது.

மூளையை உயிரோடு படம் பிடிக்கும் பெட் ஸ்கேன் வந்த பிறகு இதை அளந்து பார்த்தார்கள். டி2 ஏற்பிகளில் ஏறக்குறைய 65 சதவீதம் அடைபட்டால் நோய் தணியத் தொடங்குகிறது. 80 சதவீதத்தை நெருங்கும்போது விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. இடையில் இருப்பது குறுகலான வெளி. பழைய மருத்துவர்கள் கண்டது இதைத்தான்: நடுக்கம் வந்துவிட்டது என்றால் பலன் தரும் அளவை மருந்து எப்போதோ தாண்டிவிட்டது. அதற்குக் கீழேயே பலன் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கூடுதல் அளவு கூடுதல் குணம் தரும் என்ற எண்ணம் நோயாளிகளின் குடும்பங்களில் மட்டுமல்ல, மருத்துவ உலகிலும் இன்னும் முழுதாக ஒழியவில்லை.

டி2 மட்டுமே கதையல்ல. பின்னால் வந்த ஒலான்சபின், குவெட்டியபின், குளோசபின் போன்றவை வேறு பல ஏற்பிகளிலும் ஒட்டுகின்றன. ஹிஸ்டமின் ஏற்பியை அடைத்தால் தூக்கமும் பசியும். ஆல்ஃபா ஏற்பியை அடைத்தால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டுவது. மஸ்கரினிக் ஏற்பியை அடைத்தால் வாய் வறட்சி, மலச்சிக்கல், மறதி. இந்தக் குடும்பத்தில் எல்லா மருந்தும் ஒன்றுதான் என்று சொல்வது தவறு. பலனில் அவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு, குளோசபினைத் தவிர்த்துப் பார்த்தால், சிறியது. பக்க விளைவில் இருக்கும் வேறுபாடு பெரியது. ஆகவே யாருக்கு எந்த மருந்து என்ற தேர்வு பெரும்பாலும், இவர் எந்த விளைவைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்ற தேர்வுதான். அதில் நோயாளிக்கும் ஒரு வார்த்தை இருக்க வேண்டும்.

மணிகள், நாட்கள், வாரங்கள்

முதலில் வருவது தசைப்பிடிப்பு. மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள், குறிப்பாக இளம் ஆண்களுக்கு, கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்ளும், தாடை இறுகும், கண்மணிகள் மேலே போய் நின்றுவிடும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைப்பார்கள், நடிப்பு என்றும் நினைப்பதுண்டு. ஓர் ஊசியில் சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஆனால் முன்கூட்டி யாரும் சொல்லாமல் இது வந்துவிட்டால், அந்த நோயாளி மறுபடி மாத்திரையைத் தொட யோசிப்பார். யோசிப்பதில் நியாயமும் உண்டு.

அகதீசியா நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வருவது. இதைச் சாதாரண அசௌகரியம் என்று ஒதுக்கக் கூடாது. தாங்க முடியாத அகதீசியா தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் அதிகம் என்றாலும், விறைப்பைப் பெரிதாகத் தராத அரிபிப்ரசோல், கரிபிரசின் போன்ற புதியவற்றிலும் இது வரும். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, ப்ரொப்ரனோலால் என்ற மருந்தைச் சேர்ப்பது என்று வழிகள் இருக்கின்றன. நோயின் பதற்றத்திலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: "மனசு ஓய மாட்டேங்குதா, காலா?" பெரும்பாலானவர்கள் தயங்காமல் பதில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது பார்க்கின்சன் போன்ற நிலை. நடை சிறுகும், கைவீச்சு நிற்கும், முகம் மரத்துப்போகும், பேச்சு மெலியும். இங்கேதான் நோயும் மருந்தும் ஒன்றையொன்று மறைக்கும் வேலை மிக அழுத்தமாக நடக்கிறது. மனச்சிதைவிலேயே ஊக்கமின்மை, உணர்ச்சி வெளிப்படாமை, பேச்சுக் குறைவு ஆகியவை உண்டு. மருந்து தரும் முகமரப்பும் மந்தமும் அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும். "சண்டை போடறதில்ல, ஒரு மூலைல உட்கார்ந்திருக்கான், அது போதும்" என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுவதும் உண்டு. மணிக்கட்டையும் முழங்கையையும் மெல்ல மடக்கிப் பார்த்து விறைப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் செலவழிக்கப்படாததால் ஆண்டுக்கணக்கில் தேவைக்கு மேற்பட்ட அளவில் இருப்பவர்கள் உண்டு.

நடுக்கத்துக்குக் கொடுக்கப்படும் ட்ரைஹெக்சிஃபெனிடில் பற்றியும் ஒரு வார்த்தை. அவசரத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஒருமுறை சீட்டில் ஏறிவிட்டால் இறங்குவதில்லை. மறதியும் மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் தரக்கூடிய அதை ஏன் இன்னும் சாப்பிடுகிறோம் என்று சில மாதங்களுக்கு ஒருமுறை கேட்பது நல்லது.

இந்த முதல் கட்டத்தில் அரிதாக வந்தாலும் உயிரைப் பறிக்கக்கூடிய ஒன்று நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம். கடும் காய்ச்சல், ஈயக்குழாய் போன்ற விறைப்பு, வியர்வை, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம், நினைவுக் குழப்பம் ஆகியவை சேர்ந்து வரும். தசை சிதையும்போது வெளியாகும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் பன்மடங்கு எகிறும். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கக் கூடாத நிலை இது. மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

எடை: சத்தமில்லாத விளைவு

நடுக்கம் எல்லோர் கண்ணிலும் படும். எடையும் சர்க்கரையும் அப்படியல்ல. 1990களில் இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தபோது, நடுக்கம் குறைந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்ற பூரிப்பு இருந்தது. உண்மையில் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியதுதான் நடந்தது.

2005இல் வெளியான கேட்டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் ஏறக்குறைய 1,500 நோயாளிகளை ஒலான்சபின், ரிஸ்பெரிடோன், குவெட்டியபின், சிப்ரசிடோன், பழைய மருந்தான பெர்ஃபெனசின் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 18 மாதம் முடிவதற்குள் 74 சதவீதத்தினர், ஒதுக்கப்பட்ட மருந்தை ஏதோ ஒரு காரணத்துக்காக நிறுத்திவிட்டார்கள். மற்றவற்றைவிட அதிகம் பேர் தொடர்ந்தது ஒலான்சபின்தான். அதே ஒலான்சபினில்தான் 30 சதவீதத்தினருக்கு உடல் எடை 7 சதவீதத்துக்கும் மேல் கூடியது. பலனும் விலையும் ஒரே மாத்திரையில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. விலை மலிவான பெர்ஃபெனசின் புதியவற்றுக்குப் பெரிதாகத் தோற்றுவிடவில்லை என்பதும் அந்த ஆய்வு கொடுத்த அதிர்ச்சி.

எடை ஏறுவது சோம்பேறித்தனத்தால் அல்ல. ஹிஸ்டமின் ஏற்பியும் செரடோனினின் 2சி ஏற்பியும் அடைபடும்போது வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச்சேர்வதில்லை. நடுராத்திரியில் எழுந்து சாப்பிடும் அளவுக்குப் பசி எடுக்கும். "வாயைக் கட்டு" என்ற அறிவுரையால் இதை வெல்ல முடியாது. ஒலான்சபினும் குளோசபினும் இதில் முன்னணி. குவெட்டியபினும் ரிஸ்பெரிடோனும் நடுவில். அரிபிப்ரசோல், லுராசிடோன், சிப்ரசிடோன் குறைவானவை. எடை கூடாமலேயே சர்க்கரை ஏறுவதும் உண்டு. தொடங்கிய சில மாதங்களில், முன்பு சர்க்கரை இல்லாத இளைஞர் ஒருவர் கீட்டோஅசிடோசிஸுடன் (சர்க்கரை மிகுந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) அவசரப் பிரிவுக்கு வரக்கூடும். தீராத தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அதன் முன்னறிவிப்பு.

2004இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் சேர்ந்து ஒரு கண்காணிப்பு அட்டவணை வகுத்தன. அது பின்னால் வந்த பல வழிகாட்டுதல்களுக்கு அடிப்படை. மருந்து தொடங்கும் முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரையோ மாரடைப்போ உண்டா என்ற விவரம். எடையை 4, 8, 12ஆம் வாரங்களிலும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றை 12ஆம் வாரத்தில் மறுபடி. அதன் பின் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆண்டுதோறும். கொழுப்பையும் ஆண்டுதோறும் பார்ப்பதே இப்போதைய வழக்கம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் மாதம்தான். முதல் நான்கு வாரத்தில் உடல் எடையில் 5 சதவீதம் கூடிவிட்டால், அவருக்குப் போகப்போக நிறையக் கூடும் என்று கணிக்கலாம். அப்போதே மருந்தை மாற்றுவது பற்றிப் பேசலாம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தைச் சேர்க்கலாம். இருபது கிலோ கூடிய பிறகு மெட்ஃபார்மின் கொடுத்துக் குறைவது சொற்பம். வேண்டிய கருவி ஒரு எடைப் பொறியும் ஒரு அளவு நாடாவும். இவ்வளவு எளிதான ஒன்று உலகம் முழுக்க ஏன் இத்தனை முறை விடுபடுகிறது என்றால், மனநல மருத்துவர் இது பொது மருத்துவரின் வேலை என்கிறார், பொது மருத்துவரோ மனநல மாத்திரை சாப்பிடுகிறவரை மனநல மருத்துவரே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார். நோயாளி சொல்லும் நெஞ்சுவலிகூடச் சில நேரம் "மனசு சம்பந்தப்பட்டது" என்று ஒதுக்கப்படுகிறது.

மனச்சிதைவு உள்ளவர்களின் ஆயுள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 ஆண்டு குறைவு. அதில் பெரும்பங்கு இதய, ரத்தநாள நோய்களுக்கு. பார்த்தவுடன் மருந்துதான் காரணம் என்று தோன்றும். ஆனால் ஃபின்லாந்தின் தேசியப் பதிவேடுகளை வைத்து நடந்த நீண்டகால ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின: மருந்தே எடுத்துக்கொள்ளாதவர்கள் மருந்து எடுத்தவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். புகைப்பழக்கம், வறுமை, தன்னைக் கவனிக்காமை, தற்கொலை எல்லாம் அதில் சேர்கின்றன. ஆகவே மருந்தை நிறுத்துவது இதயத்தைக் காப்பாற்றும் வழியல்ல.

யாரும் கேட்காத கேள்விகள்

ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைட் ஆகியவை ப்ரோலாக்டினை ஏற்றுகின்றன. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். குழந்தை பெறாதவருக்கும் மார்பில் பால் கசியலாம். ஆண்களுக்கு ஆசை குறையும், விறைப்புத்தன்மை குறையும், மார்பு பெருக்கலாம். பல ஆண்டுகள் நீடித்தால் எலும்பு தேயும். இவற்றைக் கேட்டால் ஒழியச் சொல்பவர் மிகக் குறைவு. கேட்கிறவரும் குறைவு. மாத்திரையை ரகசியமாக நிறுத்துவதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தச் சொல்லப்படாத காரணம்தான். அரிபிப்ரசோல் ப்ரோலாக்டினை ஏற்றுவதில்லை, ஏறியதைக் குறைக்கவும் செய்யும். அப்படி மருந்து மாறும்போது மாதவிலக்கும் கருவுறும் திறனும் திரும்பிவிடும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். எதிர்பாராத கர்ப்பங்கள் அங்கேதான் நேர்கின்றன.

அதே அரிபிப்ரசோலுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. சிலருக்குச் சூதாட்டம், வாங்கிக் குவித்தல், கட்டுமீறிய உண்ணல், பாலியல் வேகம் போன்ற உந்துதல்கள் கிளம்பும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் இதற்கென எச்சரிக்கை விடுத்தது. கடன் பெருகிய பிறகு தெரிவதைவிட முதலிலேயே வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருப்பது மேல்.

இதயத்துடிப்பின் மின்னோட்டத்தில் க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்க எடுக்கும் நேரத்தை, நீட்டுவது இன்னொரு விளைவு. தியோரிடசின் என்ற பழைய மருந்தை அதைத் தயாரித்த நிறுவனம் 2005இல் உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது இதனால்தான். தொடக்கத்தில் ஓர் ஈசிஜி, அளவு கூடும்போது அல்லது இதயத்தைப் பாதிக்கும் வேறு மருந்து சேரும்போது இன்னொன்று. இடைவெளி 500 மில்லி நொடியைத் தாண்டினால் பொறுத்திருக்கும் விஷயமல்ல. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து பொட்டாசியம் இறங்கும்போது ஆபத்து கூடும்.

ஆண்டுகள் கழித்து வருவது

டார்டிவ் டிஸ்கைனீசியாவில் நாக்கு சுழலும், உதடு குவியும், தாடை அசைபோடும், விரல்கள் பியானோ வாசிப்பது போல் நகரும். இவை எல்லாம் தன்னையறியாமல் நடக்கும். பழைய மருந்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்குப் புதிதாக வந்தது. முதியவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு. புதிய மருந்துகளில் குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. மருந்தை நிறுத்தினாலும் நின்றுவிடும் என்ற உறுதி இல்லை. இன்னொரு பொறியும் இதில் உண்டு. மருந்தின் அளவைக் கூட்டினால் அசைவு தற்காலிகமாக அடங்கும், குறைத்தால் வெளிப்படும். மேலோட்டமாகப் பார்த்தால் கூட்டியதுதான் சரி என்று தோன்றும். நடுக்கத்துக்கு உதவும் ட்ரைஹெக்சிஃபெனிடில் இதை மோசமாக்கும்.

இதைத் தேட 1970களிலேயே ஒரு அளவுகோல் உருவானது. தன்னையறியாமல் வரும் அசைவுகளை அளக்கும் அதை எய்ம்ஸ் (AIMS) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நோயாளியை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, விரல்களைத் தட்டச் சொல்லி, நடக்கவிட்டுப் பார்ப்பது, பத்து நிமிடம். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. 2017இல் வால்பெனசின், டியூடெட்ராபெனசின் என்ற இரண்டு மருந்துகள் இதற்கென்றே அங்கீகாரம் பெற்றன. அசைவைக் குறைக்கின்றன, அடிப்படையை மாற்றுவதில்லை. ஆகவே தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதற்கு ஈடில்லை. நோயாளிக்குத் தன் நாக்கு அசைவது தெரியாமலே இருக்கும் என்பதால், இதை முதலில் கவனிப்பவர் எப்போதும் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான்.

குளோசபின்: பயமும் பலனும்

எழுபதாண்டு வரலாற்றில் கண்காணிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை நிரூபித்த மருந்து ஒன்று உண்டென்றால் அது குளோசபின். நடுக்கம் தராமலேயே நோயைத் தணித்த முதல் மருந்து இது. 1975இல் ஃபின்லாந்தில் இதை எடுத்துக்கொண்ட சிலர் வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்து, தொற்று ஏற்பட்டு இறந்தார்கள். மருந்து பல நாடுகளில் பின்வாங்கப்பட்டது. பிறகு 1988இல், வேறு எதற்கும் கட்டுப்படாத 268 நோயாளிகளிடம் அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கேன் குழுவினர் நடத்திய ஆய்வு வெளியானது. ஆறு வாரத்தில் குளோர்ப்ரோமசின் எடுத்தவர்களில் 4 சதவீதம் பேர் தேறினர். குளோசபினில் 30 சதவீதம். இந்தப் பலனை விட்டுவிட முடியாது, அந்த ஆபத்தையும் மறக்க முடியாது. ஆகவே 1989இல் அமெரிக்காவில், ரத்தப் பரிசோதனை இல்லையேல் மாத்திரை இல்லை என்ற நிபந்தனையுடன் இது அனுமதிக்கப்பட்டது.

அமெரிக்க முறைப்படி முதல் ஆறு மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை பார்க்க வேண்டும். மைக்ரோலிட்டருக்கு 1,500க்கு மேல் இருந்தால் தொடரலாம். 1,000க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். கடுமையான வெள்ளையணு வீழ்ச்சி ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோ வருகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் 18 வாரத்துக்குள். பரிசோதனை தேதி எதுவாக இருந்தாலும், காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

ஃபின்லாந்துப் பதிவேட்டு ஆய்வு 2009இல் வெளியானபோது, எல்லா மருந்துகளிலும் குறைவான இறப்பு குளோசபினில்தான் என்று தெரிந்தது. எடையையும் சர்க்கரையையும் மிகுதியாக ஏற்றும் மருந்து, ரத்தத்தை அழிக்கக்கூடிய மருந்து, ஆனாலும் இறப்பு குறைவு. தற்கொலையைக் குறைக்கும் அதன் ஆற்றல் ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கலாம் என்பது என் ஊகம்: மாதந்தோறும் யாரோ ஒருவர் அந்த நோயாளியை நேரில் பார்க்கிறார்.

வெள்ளையணுவின் மீதே எல்லோர் கண்ணும் இருந்ததில் மற்றவை பின்தங்கிவிட்டன. முதல் நான்கு வாரத்தில் இதயத் தசை அழற்சி வரலாம். காய்ச்சல், படபடக்கும் நாடி, மூச்சுத்திணறல் தென்பட்டால் இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினும் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். அளவு ஏற ஏற வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். இரவில் எச்சில் ஊறித் தலையணை நனையும். இவற்றைவிட ஏளனமாகப் பார்க்கப்படுவது மலச்சிக்கல். குளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. குடல் அடைப்பாகி உயிர் போனவர்கள் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் இதற்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. வெள்ளையணு எண்ணிக்கையைத் தவறாமல் எழுதிவைக்கும் கோப்பில், கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்று ஒரு வரி இல்லாமல் இருப்பது அபத்தம்.

புகைபிடித்தல் இன்னொரு கண்ணி. புகையிலைப் புகையில் உள்ள வேதிப்பொருட்கள் குளோசபினைக் கரைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைபிடிப்பவருக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். அவர் திடீரென்று நிறுத்தினால், உதாரணமாகப் புகைக்கத் தடையுள்ள மருத்துவமனையில் சேர்ந்தால், ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் செறிவு வேகமாக ஏறிவிடும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் மயக்கமும் வலிப்பும். நிகோட்டின் பட்டை இதை ஈடுசெய்யாது, ஏனென்றால் நொதியை முடுக்குவது நிகோட்டின் அல்ல, புகை. கடும் தொற்றிலும் செறிவு ஏறும். இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற வேண்டும்.

2025இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ரத்த அறிக்கை இல்லாமல் மாத்திரை கொடுக்கக் கூடாது என்ற கட்டாய ஏற்பாட்டை நீக்கிவிட்டது. பரிசோதனை தேவையில்லை என்று அர்த்தமல்ல. அறிக்கை தாமதமானதால் மருந்து கிடைக்காமல் நோய் திரும்பியவர்கள் பலர் என்பதுதான் நீக்கியதற்குப் பின்னால் இருந்த கவலை. கண்காணிப்பே மருந்துக்குத் தடையாக மாறவும் முடியும் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊசியும் புதிய மாத்திரையும்

மாதம் ஒருமுறை, மூன்று மாதம் ஒருமுறை போடும் ஊசிகள், மாத்திரையை மறக்கும் தொல்லையைத் தீர்க்கின்றன. ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் அதே மருந்தை முதலில் மாத்திரையாகக் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே ஊசி. ஒலான்சபின் பாமோயேட் ஊசிக்குப் பின் சிலருக்குத் திடீர் மயக்கமும் குழப்பமும் வருவதால் மூன்று மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்கவைக்கிறார்கள்.

2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சனோமெலின்–ட்ரோஸ்பியம், டி2 ஏற்பியைத் தொடாத முதல் மனச்சிதைவு மருந்து. எடை, நடுக்கம், ப்ரோலாக்டின் கவலைகள் இதில் பெரிதாக இல்லை. அதற்குப் பதில் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், நாடித்துடிப்பு ஏறுதல், சிறுநீர் தேங்குதல். கல்லீரல் பரிசோதனையும் தேவை. பட்டியல் மாறியிருக்கிறது, பார்க்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

நிறுத்த நினைக்கும்போது

இவ்வளவையும் படித்தவர் "அப்படியானால் மாத்திரையே வேண்டாம்" என்று முடிவெடுக்கக்கூடும். 65 ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் வெளியான தொகுப்பாய்வில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் மருந்து தொடர்ந்தவர்களில் 27 சதவீதம், வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 64 சதவீதம். இந்த வித்தியாசம் மருத்துவத்தில் சாதாரணமாகக் காணக்கூடியதல்ல. ஆனால் அதே எண்களைத் திருப்பிப் பார்த்தால், மருந்தை விட்டும் ஓராண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவர்கள் யார் என்று முன்கூட்டிச் சொல்ல இன்று வழியில்லை. 2023இல் வெளியான பிரிட்டனின் ரேடார் ஆய்வு, படிப்படியாகக் குறைத்தவர்களைத் தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டது. இரண்டாண்டு முடிவில் சமூக வாழ்க்கையில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. நோய் கடுமையாகத் திரும்புவது குறைத்தவர்களிடம் கூடுதல்.

குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் எப்படிக் குறைப்பது என்பது தனிக் கலை. மருந்தின் அளவும் ஏற்பி அடைபடுவதும் நேர்கோட்டில் போவதில்லை. 10 மில்லிகிராமிலிருந்து 5க்கு வரும்போது டி2 அடைப்பு சிறிதே குறையும்; 2லிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது மளமளவென்று சரியும். அதனால்தான் "பாதி குறைச்சும் ஒண்ணும் ஆகலையே" என்று மீதியை ஒரேயடியாக விட்டவர்கள் சிக்கலில் மாட்டுகிறார்கள். கடைசி மில்லிகிராம்களுக்குத்தான் அதிக மாதங்கள் ஒதுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, வாந்தி, வியர்வை, அதுவரை மறைந்திருந்த வாய் அசைவுகள் எல்லாம் முதல் வாரங்களிலேயே வரும். நோய் திரும்புவதோ பல மாதம் கழித்தும் நேரலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் குறைந்தது ஓராண்டு, மருந்து சாப்பிட்ட காலத்தைப் போலவே சந்திப்புத் தேதிகள் தொடர வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.